நூற்றுக்கு ஐந்து சின்னத் தொகையா? லிதுவேனியாவின் பாதுகாப்புச் செலவு கற்றுத்தரும் கணக்கு

கடந்த தவணையில் ஒரு நாள், தரம் 10 வகுப்பில் சதவீதம் பற்றிய பாடத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடும்போது ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு இராணுவத்துக்கு ஐந்து வீதத்துக்கு மேல் செலவழிக்கப் போகிறதாம். வாப்பா நியூஸ் பார்த்துவிட்டுப் பெரிய விசயம் மாதிரிச் சொன்னார். நூற்றுக்கு ஐந்து என்றால் சின்னத் தொகைதானே?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், அந்த மாணவனுக்கு இருந்த அதே மயக்கம் செய்தி வாசிக்கும் பெரியவர்களிடமும் இருக்கிறது. "இரண்டு சதவீதம்", "ஐந்து சதவீதம்" என்று தலைப்புகளில் வருகின்றன. எதில் இரண்டு, எதில் ஐந்து என்று நாம் கேட்பதில்லை. நாளை பதில் சொல்கிறேன் என்று அவனை உட்கார வைத்தேன். மறுநாள் வகுப்பில் சொன்னதைத்தான் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

எந்த நாடு, ஏன் அந்தப் பயம்?

அவன் சொன்ன நாடு லிதுவேனியா. பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா, லத்வியா, லிதுவேனியா என்று மூன்று சிறிய நாடுகள் உள்ளன. அவற்றுள் தெற்கே இருப்பது இது. நிலப்பரப்பில் ஏறத்தாழ எமது இலங்கையின் அளவுதான், சுமார் 65,000 சதுர கிலோமீற்றர். ஆனால் சனத்தொகை 29 இலட்சம் மட்டுமே.

உலகப் படத்தை விரித்துப் பார்த்தால் அந்நாட்டின் கவலை உடனே விளங்கும். கிழக்கே ரஷ்யாவின் நெருங்கிய கூட்டாளியான பெலாரூஸ். மேற்கே ரஷ்யாவின் தனித்த நிலத்துண்டான கலினின்கிராட். தலைநகர் வில்னியஸிலிருந்து பெலாரூஸ் எல்லைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான்.

படத்தைவிட வரலாறு இன்னும் கசப்பானது. 1939 ஒக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஓர் ஒப்பந்தத்தின் மூலம் தன் படைகளை லிதுவேனியாவுக்குள் நிறுத்தியது. 1940 ஜூனில் இறுதி எச்சரிக்கை விடுத்து முழு நாட்டையும் எடுத்துக்கொண்டது. லிதுவேனிய இராணுவம் ஒரு போர் கூடச் செய்யவில்லை. 1990 மார்ச் 11ஆம் திகதி லிதுவேனியா மீண்டும் சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1991 ஜனவரி 13ஆம் திகதி வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தருகே கூடிய மக்கள் மீது சோவியத் படை பாய்ந்ததில் 14 பேர் உயிரிழந்தனர். கடைசி ரஷ்யப் படையினர் அங்கிருந்து வெளியேறியது 1993 ஆகஸ்ட் 31ஆம் திகதியே.

இப்படிப்பட்ட ஒரு நாடு தொடர்ந்து பாதுகாப்புக்கு அள்ளிக் கொட்டியிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது அதுவல்ல.

கையெழுத்து ஒன்று, காசு வேறு

2004 மார்ச் 29ஆம் திகதி லிதுவேனியா நேட்டோ அமைப்பில் இணைந்தது. ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் அனைத்து உறுப்பு நாடுகளும் தாக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது நேட்டோவின் அடிப்படை. பால்டிக் நாடுகள் மூன்றுக்கும் சொந்தப் போர் விமானங்கள் இல்லாததால், இணைந்த நாட்களிலிருந்தே ஏனைய உறுப்பு நாடுகளின் விமானங்கள் லிதுவேனியாவின் ஷவ்லியாய் தளத்திலிருந்து முறை வைத்துக் காவல் பறக்கத் தொடங்கின.

இணைவதற்கு முன்னர், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவது என்று அந்நாட்டுக் கட்சிகள் உடன்பட்டிருந்தன. உள்ளே போன பிறகு அந்த அவசரம் தணிந்தது. ஒதுக்கீடு 1 சதவீதத்தைச் சற்றே தாண்டிய அளவில் நின்றது. பெரியவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள், இனிக் கதவுக்குப் பூட்டு எதற்கு என்ற மனநிலை.

2008 ஆகஸ்டில் ரஷ்யா ஜோர்ஜியாவுடன் போர் புரிந்தது. அடுத்த மாதமே, செப்டெம்பரில், லிதுவேனியா கட்டாய இராணுவ சேவையை இடைநிறுத்தியது. இனித் தொழில்முறைப் படை போதும் என்பது வாதம். பிறகு உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. 2009இல் அந்நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்கியது. அரச ஊழியரின் சம்பளம் வெட்டப்பட்டது. 2010 முதல் இரண்டு வருடங்களுக்கு ஓய்வூதியமே குறைக்கப்பட்டது. அப்படியான நேரத்தில் பீரங்கி வாங்கக் காசு கேட்க எந்த அரசியல்வாதிக்கும் வாய் வராது. பாதுகாப்பு ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு இறங்கி, 2013இல் 0.8 சதவீதத்துக்கும் கீழே போனது. 2 சதவீத வாக்குறுதியில் பாதி கூட இல்லை.

இந்த இடத்தில் பக்கத்திலுள்ள எஸ்தோனியாவைப் பார்க்க வேண்டும். அதே நெருக்கடி, பொருளாதாரத்தில் அதே அளவு வீழ்ச்சி, அதே அயலவர். அங்கும் சிக்கனம் கடுமையாக இருந்தது. ஆனால் எஸ்தோனியா தன் பாதுகாப்பு ஒதுக்கீட்டை 1.7 சதவீத அளவுக்குக் கீழே பெரிதாக இறங்க விடவில்லை. ஆகவே, ஏழ்மை மட்டும் ஒரு நாட்டின் பாதுகாப்புச் செலவைத் தீர்மானிப்பதில்லை. எதை முதலில் வெட்டுவது என்று ஆட்சியாளர் எடுக்கும் முடிவே தீர்மானிக்கிறது.

பின்னத்தைக் கண்டால் முதலில் கீழே பார்

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குக் கணிதம் கற்பித்த விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார்: "பின்னம் ஒன்றைக் கண்டால் முதலில் பகுதியைப் பார், பிறகு தொகுதியைப் பார்." பாதுகாப்புச் செலவுச் செய்திகளை வாசிப்பதற்கு இதைவிட நல்ல அறிவுரை எனக்குத் தெரியாது.

பகுதி, அதாவது கீழே இருப்பது, அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டம் அல்ல. நாட்டில் ஒரு வருடத்தில் உற்பத்தியாகும் எல்லாப் பொருட்கள், சேவைகளின் மொத்தப் பெறுமதி. லிதுவேனியாவில் அரசாங்கம் செலவிடுவது அதில் ஏறத்தாழ 40 சதவீதம். எனவே மொத்த உற்பத்தியில் 5 சதவீதம் என்றால், அரசாங்கம் செலவிடும் எட்டு யூரோவில் ஒரு யூரோ அளவு இராணுவத்துக்குப் போகிறது என்று பொருள். கல்விக்கு அந்நாட்டு அரசாங்கம் செலவிடுவதும் இதே 5 சதவீதத்தை ஒட்டியதுதான். நாட்டின் எல்லாப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் ஒரு தட்டில், இராணுவம் மறு தட்டில். தராசு நேராக நிற்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியானது.

அடுத்து, பகுதி மாறினால் தொகுதி மாறாமலேயே சதவீதம் மாறும். மாதம் 100,000 ரூபா உழைக்கும் ஒரு குடும்பம் காவலுக்கு 2,000 ரூபா கொடுக்கிறது என்று வையுங்கள். அது 2 சதவீதம். வருமானம் 80,000 ஆகக் குறைந்தால் அதே 2,000 ரூபா 2.5 சதவீதம் ஆகிவிடும். காவல் கூடவில்லை, வீடுதான் ஏழையாகியிருக்கிறது. மறுபக்கம், வேகமாக வளரும் நாட்டில் சதவீதம் ஒரே இடத்தில் நின்றாலும் படைக்குப் போகும் காசு ஏறிக்கொண்டே இருக்கும்.

இப்போது லிதுவேனியாவின் இரண்டு ஆண்டுகளை அருகருகே வைப்போம். 2013இல் பாதுகாப்புச் செலவு சுமார் 267 மில்லியன் யூரோ, உற்பத்தியில் 0.76 சதவீதம். 2026க்கான வரவுசெலவுத் திட்டத்தில் சுமார் 4.8 பில்லியன் யூரோ, 5.38 சதவீதம். சதவீதம் ஏழு மடங்கு கூடியிருக்கிறது. ஆனால் காசு ஏறத்தாழ பதினெட்டு மடங்கு கூடியிருக்கிறது. எப்படி? இதே காலத்தில் நாட்டின் உற்பத்தியும், விலையேற்றத்தையும் சேர்த்து, இரண்டரை மடங்காகியிருக்கிறது. ஏழை இரண்டரையால் பெருக்கினால் பதினேழரை. என் மாணவர்கள் இதைக் கரும்பலகையில் செய்து பார்த்துச் சரி என்றார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே நாட்டுக்கு ஒரே ஆண்டில் வெவ்வேறு எண்களைக் காணும்போது யாரோ பொய் சொல்கிறார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். நேட்டோ தன் வரைவிலக்கணப்படி இராணுவ ஓய்வூதியத்தையும் சேர்த்தே கணக்கெடுக்கும். நாட்டு வரவுசெலவுத் திட்டம் அதை வேறு தலைப்பில் போடலாம். ஒதுக்கியது ஒன்று, உண்மையில் செலவானது இன்னொன்று. மொத்த உற்பத்தி பற்றிய மதிப்பீடும் பின்னர் திருத்தப்படும்.

2014: விழித்துக்கொண்ட ஆண்டு

2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை உக்ரைனிடமிருந்து எடுத்துத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அதே மாதத்தில் லிதுவேனியாவின் கட்சிகள் கூடி, 2020க்குள் 2 சதவீதத்தை எட்டுவதாக ஒப்பமிட்டன. செப்டெம்பரில் வேல்ஸில் நடந்த நேட்டோ உச்சி மாநாடு அதே இலக்கைப் பத்து ஆண்டுகளுக்குள் எட்டுமாறு எல்லா உறுப்பு நாடுகளையும் கேட்டது. 2015இல் கட்டாய இராணுவ சேவை திரும்பி வந்தது. 2018இல் செலவு ஏறத்தாழ 2 சதவீதத்தைத் தொட்டது.

செலவின் அளவு மட்டுமல்ல, உள்ளடக்கமும் மாறியது. 2013இல் இருந்த சிறிய தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே போய்விட்டது. ஆயுதமும் உபகரணமும் வாங்கப் பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சியது. சம்பளம் கொடுத்து முடித்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டி வாங்கக் காசில்லாத பாடசாலை போன்ற நிலை. 2018 அளவில் கொள்வனவுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது.

ஆனால் ஆயுதம் கடையில் வாங்கிக் கையில் கொண்டுவரும் பொருள் அல்ல. நாசாம்ஸ் என்ற வான்பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதிக்கு 2017இல் 110 மில்லியன் யூரோவுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். அது 2020இல்தான் கைக்கு வந்தது. 2024 டிசம்பரில் ஜேர்மனியிடம் 44 லெப்பர்ட் ரகத் தாங்கிகளுக்கு ஏறத்தாழ 950 மில்லியன் யூரோவுக்கு ஒப்பமிட்டார்கள். முழுவதும் வந்து சேர 2030 ஆகும். இந்த ஒரு கொள்வனவு மட்டும், 2013இன் முழுப் பாதுகாப்புச் செலவைப் போல மூன்றரை மடங்கு. அமைதிக்காலத்தில் ஒத்திப்போட்ட செலவு இல்லாமல் போவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆயுதம் தேடி ஓடும் காலத்தில், கூடிய விலையோடும் நீண்ட வரிசையோடும் திரும்பி வருகிறது.

2022 பெப்ரவரியில் உக்ரைன் மீதான முழு அளவிலான படையெடுப்பு தொடங்கியதும் ஏற்றம் செங்குத்தானது. 2024இல் 3 சதவீதம், 2025இல் 4 சதவீதம் என்ற அளவுக்கு உயர்ந்தது. 2025 ஜனவரியில், 2026 முதல் 2030 வரை 5 முதல் 6 சதவீதம் செலவிடப்படும் என்று ஜனாதிபதி கிதானாஸ் நவுசேடா அறிவித்தார். அதே ஆண்டு ஜூனில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ தலைவர்கள், 2035க்குள் 5 சதவீதம் என்ற இலக்கை ஏற்றனர். அதிலும் 3.5 சதவீதமே நேரடிப் படைச் செலவு, எஞ்சிய 1.5 சதவீதம் பாலம், வீதி, இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு.

ஜேர்மனி 2027 அளவில் ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட ஒரு படையணியை லிதுவேனியாவில் நிரந்தரமாக நிறுத்துகிறது. நட்பு நாட்டின் படை இலவசம் என்று நினைக்கக் கூடாது. அவர்களுக்கான பயிற்சித் திடல், முகாம், வீதி, குடியிருப்பு எல்லாவற்றையும் லிதுவேனியா கட்டிக் கொடுக்க வேண்டும். அதுவும் இந்தச் செலவுக்குள் வருகிறது.

யார் கட்டுகிறார்கள்?

வகுப்பில் அடுத்து வந்த கேள்வி இதுதான். காசு எங்கிருந்து வருகிறது, சேர்?

வழி மூன்றுதான்: வரி, கடன், வேறொன்றைக் குறைத்தல். லிதுவேனியா முதல் இரண்டையும் வெளிப்படையாகச் செய்கிறது. வட்டி உயர்வால் பெருத்த இலாபம் கண்ட வங்கிகளின் மீது 2023இல் ஒரு தற்காலிக அறவீடு விதித்தார்கள். நிறுவன வருமான வரி 15 சதவீதத்திலிருந்து 2025இல் 16 ஆகவும், 2026இல் 17 ஆகவும் உயர்ந்தது. எரிபொருள், மதுபானம், புகையிலை ஆகியவற்றின் தீர்வை கூட்டப்பட்டது. சில வகைக் காப்புறுதி ஒப்பந்தங்களுக்குப் பாதுகாப்பு அறவீடு வந்தது. மிகுதிக்குக் கடன். அந்தக் கடனைக் கட்டப்போவது இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளைகள்.

மூன்றாவது வழி சத்தமில்லாதது. ஓர் ஆசிரியன் என்ற வகையில் என் கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். பாதுகாப்புச் செலவு 2 சதவீதத்தைத் தொட்ட அதே 2018இன் இறுதியில், புதிய சம்பள முறையை எதிர்த்து லிதுவேனிய ஆசிரியர்கள் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். கல்வி அமைச்சுக் கட்டடத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் தங்கிப் போராடினார்கள். கல்வி அமைச்சர் பதவியிழந்தார். 2023 இலையுதிர்காலத்திலும் ஆசிரியர்கள் மீண்டும் வீதிக்கு வந்தார்கள். இராணுவத்துக்குக் கொடுத்ததால்தான் ஆசிரியருக்குக் கொடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் போராட்டத்துக்கு வேறு பல காரணங்களும் இருந்தன. ஆனால் கருவூலம் ஒன்றுதான். அதன் முன் நிற்கும் வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதைப் பயம் மாற்றிவிடுகிறது.

மக்கள் இதை முழுக்க வெறுப்போடு சுமக்கிறார்கள் என்று சொன்னாலும் தவறு. 2022 மே மாதத்தில், உக்ரைனுக்குத் துருக்கியின் பைரக்தார் ஆளில்லா விமானம் ஒன்றை வாங்கிக் கொடுப்பதற்காக லிதுவேனிய மக்கள் சில நாட்களிலேயே 5 மில்லியன் யூரோவுக்கு மேல் தாமாகத் திரட்டினார்கள். தயாரிப்பு நிறுவனம் பிறகு விமானத்தை இலவசமாகவே வழங்கியது. வரி என்றால் முணுமுணுப்பவரும், ஆபத்து அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டது என்று நம்பினால் பையைத் திறக்கிறார்.

கணக்கில் வராத செலவு

எல்லாச் செலவும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்படுவதில்லை. கட்டாய சேவைக்கு ஒன்பது மாதம் போகும் இளைஞனுக்குக் கொடுப்பனவு உண்டு. அவன் இழக்கும் படிப்பும் உழைப்பும் எந்த நிரலிலும் இல்லை.

இது புதிய பழக்கமும் அல்ல. காசு தட்டுப்பாடான பழங்காலத்தில் அரசர்கள் படைச் செலவை நிலமாகக் கொடுத்தார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லிதுவேனியாவின் ஆட்சியாளர் விதவுதாஸ், கிரிமியப் பக்கத்திலிருந்து வந்த தாத்தாரிய முஸ்லிம்களைத் தன் நாட்டில் குடியமர்த்தி நிலம் கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் குதிரையோடும் வாளோடும் சேவை செய்தார்கள். 1410இல் நடந்த புகழ்பெற்ற குருன்வால்ட் போரிலும் தாத்தாரியக் குதிரைப்படை நின்றது. வில்னியஸுக்கு அருகே "நாற்பது தாத்தாரியர்" என்ற பொருளுடைய பெயரில் இன்றும் ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே மரத்தால் கட்டப்பட்ட ஒரு பழைய பள்ளிவாசலும் உண்டு. அந்த நிலங்களும் ஒரு காலத்தின் பாதுகாப்புச் செலவுதான்.

கணக்கில் வராத இன்னொன்று கொள்கை. லிதுவேனியா 2025 மார்ச்சில் கொத்துக்குண்டுகளைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஆண்டு முடிவில், ஆட்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்தும் விலகியது. நீண்ட எல்லையைக் குறைந்த காசில் காப்பதற்கு அவை தேவை என்பது அவர்கள் வாதம். 2017இல் அந்த ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு நாம். போர் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம். மலிவான ஆயுதத்தின் உண்மையான விலை பிறகுதான் வரும் என்பதை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவர்களுடைய பயம் நியாயமானது என்பதை ஏற்கிறேன். அந்தப் பயம் அவர்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைப் பார்த்துக் கவலைப்படாமல் இருக்கவும் முடியவில்லை.

மாணவனுக்குச் சொன்ன பதில்

கடைசியாக அந்த மாணவனிடம் சொன்னேன்: மகன், நூற்றுக்கு ஐந்து சின்னதா பெரியதா என்பது எந்த நூறு என்பதைப் பொறுத்தது. இந்த நூறு ஒரு நாடே ஒரு வருடம் உழைத்த உழைப்பு. அதில் ஐந்து என்பது மிகப் பெரியது.

செலவின் ஏற்ற இறக்கத்தை வரைபில் போட்டால் அது நாட்டின் செல்வத்தைக் காட்டாது, பயத்தைக் காட்டும். 2004இல் பயம் தணிந்தது, கோடு படுத்தது. 2014இல் பயம் எழுந்தது, கோடும் எழுந்தது. 2022க்குப் பிறகு செங்குத்தாக ஏறியது. நிதானமாக ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அசட்டையும் பதற்றமும் மாறி மாறி வரும்போது இரண்டுக்குமான விலையை ஓய்வூதியரும் ஆசிரியரும் இளைஞருமே கட்டுகிறார்கள்.

எனவே இனி இப்படியான செய்தியை வாசிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எதில் இத்தனை சதவீதம்? காசாகப் பார்த்தால் எவ்வளவு? அந்தக் காசு சம்பளத்துக்கா, ஆயுதத்துக்கா, அது எப்போது கைக்கு வரும்? அதற்காக யாருடைய பங்கு குறைகிறது?

மறுநாள் அந்த மாணவன் வந்து, "சேர், வாப்பாவிடம் நாலு கேள்வியையும் கேட்டேன், முதல் கேள்விக்கே அவருக்குப் பதில் தெரியவில்லை" என்றான். வாப்பாவுக்கு விளக்கிச் சொன்னாயா என்று கேட்டேன். கொப்பியில் கணக்குச் செய்து காட்டினானாம். எனக்கு அது போதும்.